புளி போட்டுத் தேய்த்த காசு

மேலப்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கே சுலைகா டீச்சர் பழைய நாணயங்களைப் பராமரித்துவந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தியதில்லை. நாணயம் சேர்ப்பவர்கள் மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தங்கள் காசுகளை எடுத்துக்கொண்டு வந்து, அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் டீச்சர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பது.

சுவரில் அவர் ஒட்டிவைத்திருந்தது ஒரே ஒரு சொல். "தேய்க்காதே."

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பேர் கோமதிநாயகம், வயது அறுபத்திரண்டு. பாபநாசம் பஸ்ஸில் முப்பத்துநான்கு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயதில், மகள் மாதிரி ஒரு பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று கீழே சைக்கிள் கடையில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

முதன்முதலில் அவர் வந்தது ஒரு மார்கழிக் காலையில். மூச்சு வாங்கப் படியேறி வந்து, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு செப்புக் காசை எடுத்து நீட்டினார்.

"டீச்சரம்மா, தேஞ்சு போன எழுத்து திரும்ப வருமா?"

டீச்சர் காசைப் பார்க்கவில்லை. வந்தவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"யாரு தேச்சது?"

"எம் பொண்டாட்டி."

"ஏன்னு அவங்ககிட்ட கேட்டீயளா?"

"கேக்க முடியாது. ஆடியில செத்துப்போயிட்டா."

பிறகு அவர் முழுக்கதையையும் சொன்னார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், வயலில் கிடைத்தது என்று ஒரு பயணி கொடுத்த கரிய காசு அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஆவுடையம்மாளிடம் கொடுத்தார். அதில் யாரோ நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மன்தான் என்று முடிவுகட்டிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். ஒவ்வொரு கார்த்திகைக்கும் விளக்குகளைத் தேய்க்கும்போது அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். காசு புதுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கும்.

அவள் போன மூன்றாம் மாதம் திருநெல்வேலியில் ஒரு நாணயக் கண்காட்சி நடந்தது. கோமதிநாயகம் பொழுதுபோகாமல் காசை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாண்டியர் காலத்துக் காசு. ஒரு பக்கம் நிற்கிற ராஜா, மறுபக்கம் இரண்டு மீன். மீனுக்குக் கீழே ஒரு வரி எழுத்து இருந்திருக்கிறது. "இந்த மாதிரி இன்னொண்ணு என் கண்ணுல பட்டதே இல்ல. அந்த வரி மட்டும் இருந்திருந்தா! யாரோ பாவி தேச்சே கொன்னுட்டான்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று, "கெடுத்துட்டியேட்டி" என்று கத்தினார் கோமதிநாயகம். அடுத்துவந்த கார்த்திகைக்கு விளக்கேற்றவில்லை. வருஷம் திரும்பாத வீடு, பண்டிகை கிடையாது என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையான காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். செத்தவள்மேல் அவருக்குக் கோபம். கோபப்படுகிறோமே என்று வெட்கம் வேறு. படத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல், அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீச்சர் ஒரு காகித உறையை எடுத்து நீட்டினார்.

"இதுல போட்டு வீட்டுல வைங்க."

"நீங்க பாக்கவே இல்லையே."

"கோவத்தோட நீட்டுற காச நான் வாங்குறதில்ல."

"அப்பம் என்ன செய்யணும்?"

"மொதல்ல காசு பிடிக்கப் படிங்க."

முப்பத்துநான்கு வருஷம் காசோடு புழங்கிய மனிதரிடம் இப்படிச் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றிருக்கும். அவருக்கும் இருந்தது. ஆனாலும் மறுநாள் வந்தார்.

டீச்சர் ஒரு தட்டில் துண்டை மடித்து விரித்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்தார்.

"எடுங்க."

எடுத்தார். கட்டைவிரல் நேராகக் காசின் முகத்தில் போய் உட்கார்ந்தது. ஓடுகிற பஸ்ஸில், கூட்டத்தில், பையைப் பார்க்காமலே இது எட்டணா, இது ஒரு ரூபாய் என்று தடவியே சொல்லிப் பழகிய விரல் அது.

"வைங்க. ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுங்க."

எடுத்தார். பாதித் தூரத்தில் கட்டைவிரல் மறுபடியும் முகத்துக்கு நகர்ந்தது.

"வைங்க."

ஒரு மாதம் இதுவே நடந்தது. கடைசியில் டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க கட்டைவிரலு இன்னும் பாபநாசம் பஸ்ஸ விட்டு எறங்கல அண்ணாச்சி."

ஒருநாள் கோமதிநாயகம் வெள்ளைக் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு, கல்யாண பேண்டு வாசிக்க வந்தவர் மாதிரி வந்து நின்றார். டீச்சர் தட்டை நகர்த்தினார். எடுத்த காசு கையுறைத் துணியில் வழுக்கி, மேஜையில் விழுந்து, உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அவர் மண்டியிட்டுத் தேடி எடுத்தார்.

"சோப்புப் போட்டுக் கை கழுவி நல்லாத் துடைச்சாப் போதும்" என்றார் டீச்சர். "அத கழத்திப் பையில வைங்க."

இன்னொரு நாள் காசைப் பிடித்துக்கொண்டே பஸ் கதை ஒன்றை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காசுக்கு நேரா வாயத் தெறக்கக் கூடாது."

"ஏன்?"

"எச்சி தெறிக்கும். அப்புறம் புள்ளி புள்ளியாக் கருக்கும்."

"முப்பத்துநாலு வருஷம் காசக் கையில வச்சுக்கிட்டே கத்துனவன் நான்."

"அந்தக் காசையெல்லாம் யாரும் எடுத்து வைக்கல."

இப்படியே மாதங்கள் போயின. மாதம் தவறாமல் அவர் அதே கேள்வியைக் கேட்பார். தேய்ந்த எழுத்து திரும்ப வருமா? டீச்சர் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார். பிளாஸ்டிக் உறையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்த காசுகளைக் காகித உறைக்கு மாற்றச் சொல்வார். ஒவ்வொரு உறையோடும் ஒரு சீட்டு இருக்கும். எங்கே கிடைத்தது, யார் வைத்திருந்தது, காசுக்கு என்ன நேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கும். விழுந்து அடிபட்டிருந்தால் அதையும் எழுதிவைப்பது டீச்சரின் வழக்கம்.

ஆவணியில் ஒருநாள், ஒரு வெள்ளிக்காசை அவர்முன் வைத்தார். கண்ணாடிபோல் பளபளப்பு. நட்டநடுவே பழுப்பாக ஒரு பெருவிரல் ரேகை, அத்தனை சுழியும் தெரிய.

"ஐயையோ. இது யாரு கை?"

"ஒருத்தர் ஆசையா எடுத்துப் பாத்தாரு. அன்னைக்கு ஒண்ணும் தெரியல. வருஷம் போகப் போக மேல வந்துட்டு."

"தொடச்சாப் போகாதா?"

"போகும். கூடவே வெள்ளியும் கொஞ்சம் போகும்."

"தொட்டவரு வருத்தப்பட்டிருப்பாரே."

"அவரு இப்ப இல்ல. அவரு மகன் மாசம் ஒருக்கா வருவான். லென்ஸ் கேட்டு வாங்கி இதையே பாத்துட்டுப் போவான்."

"விலை போகாத காசை என்னத்தப் பாக்கான்?"

டீச்சர் காசை உறையில் போட்டு உள்ளே வைத்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு தரகர் கோமதிநாயகத்தைப் பிடித்துக்கொண்டார். தேய்ந்த காசில் மறுபடியும் மீன் வெட்டி, எழுத்தும் வெட்டித் தருகிற ஆள் ஒருவர் மேற்கே இருக்கிறாராம். பிறகு கந்தகப் புகை காட்டினால் ஆயிரம் வருஷம் மண்ணில் கிடந்த மாதிரி கறுத்துவிடுமாம். பழக்கப்பட்டவர்களே ஏமாறுவார்களாம். கோமதிநாயகம் அன்று நன்றாகத் தூங்கினார். எழுத்து வந்துவிட்டால் ஆவுடை கெடுத்தது கெட்டதில்லை என்று ஆகிவிடும், அவள் முகத்தைப் பார்த்துவிடலாம். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

டீச்சரிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"திங்கக்கிழமை போயிட்டு வாரேன் டீச்சரம்மா. தப்புன்னு சொல்லிராதீய."

"சொல்லல. போறதுக்கு முன்னால காச எங்கிட்ட ஒருக்கா காட்டுங்க."

பத்து மாதம் பார்க்க மறுத்தவர் தானாகக் கேட்கிறார். கோமதிநாயகத்துக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார்.

டீச்சர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தட்டை நகர்த்தினார்.

"நீங்களே எடுத்து வைங்க."

அவர் உறையிலிருந்து காசை எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். இரண்டு விரலும் ஓரத்தை விட்டு நகரவில்லை. கட்டைவிரல் ஒரு வழியாகப் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார்.

லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு டீச்சர் கால்மணி நேரம் பார்த்தார். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். பிறகு ஓரத்தைச் சுற்றி.

"எந்த ராஜா பேர வெட்டச் சொல்லப் போறீய?"

"ஏதாவது ஒண்ணு. அந்த ஆளே பாத்துக்கிடுவான்."

"சரி." டீச்சர் லென்ஸை எடுக்காமலே கேட்டார். "உங்க வீட்டம்மா எடது கைப் பழக்கமா?"

கோமதிநாயகம் திடுக்கிட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"தேஞ்ச பள்ளம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. சோத்துக்கைப் பெருவிரலு இப்படிப் போகாது."

"ஆமா. எடது கைதான். அதுக்காக எங்கம்மாகிட்ட ரொம்பப் பேச்சு வாங்குவா."

"ராஜாவ ஒரு தடவகூடத் தலைகீழாப் பிடிச்சதில்ல. கீறல் எல்லாம் ஒரே வாக்குல போகுது."

"அம்மன்னு நெனச்சா. அம்மனத் தலைகீழாப் பிடிப்பாளா?"

"கீறலும் ரொம்ப மெல்லிசு. சாம்பல்ல பொடிக்கல்லு கெடந்தா இப்படி இருக்காது. சலிச்சு எடுத்திருக்காங்க."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். காசுக்கு நேராக இருக்கிறோம் என்று நினைவு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"சலிப்பா. பழைய வேட்டித் துணியக் கிழிச்சு வச்சிருப்பா, வருஷா வருஷம். வெளக்குத் தேய்க்க எதுக்குட்டி சாம்பலைச் சலிக்கேன்னு கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"வெளக்குக்கு இல்லன்னு சொன்னா."

"அப்புறம்?"

"நான் மேக்கொண்டு கேக்கல."

டீச்சர் லென்ஸை அவரிடம் கொடுத்தார்.

"ஓரத்தப் பாருங்க. எதுத்தாப்புல எதுத்தாப்புல ரெண்டு எடம்."

பார்த்தார். காசு முழுக்கச் செம்பு மின்ன, ஓரத்தில் இரண்டே இடத்தில் மட்டும் பழைய கறுப்பு அப்படியே இருந்தது. நெல்மணி அளவுக்கு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று.

"அங்கன மட்டும் புளி படவே இல்ல" என்றார் டீச்சர். "முப்பத்தோரு வருஷமும் அவங்க வலது கை வெரலு ரெண்டும் அந்த எடத்துலதான் இருந்திருக்கு."

கோமதிநாயகம் லென்ஸை எடுக்கவில்லை. தான் பத்து மாதம் படித்த பாடம் அங்கே இரண்டு கறுப்புப் பொட்டாக இருந்தது.

"அவளுக்கு இத யாரு சொல்லிக்குடுத்தா?"

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"இத அவங்க கையில எப்படிக் குடுத்தீய?"

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுக்கல" என்றார் கோமதிநாயகம். "டூட்டி முடிஞ்சு வந்து பையக் கழத்துனேன். அடுப்படியில நின்னா. இந்தா வச்சுக்கோன்னு தூக்கிப் போட்டேன். கீழ விழுந்து உருண்டுது. குனிஞ்சு எடுத்தா."

சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், கேட்காமல் அவர் அவளுக்கென்று கொண்டுபோன பொருள் அது ஒன்றுதான். அதையும் வேடிக்கைக்குச் செய்தார். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"கொஞ்சம் தள்ளி அழுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "உப்பு செம்புக்கு ஆகாது."

அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆடியில் அழாததையும் சேர்த்து அழுதார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு சீட்டை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"பேரு?"

"அது தேஞ்சு போச்சே டீச்சரம்மா. எந்த ராஜான்னு யாருக்குத் தெரியும்?"

"ராஜாவக் கேக்கல."

கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆவுடையம்மாள்."

டீச்சர் எழுதினார். கீழே இன்னும் இரண்டு வரி எழுதி, மை காயும்வரை ஊதாமல் காத்திருந்தார். திங்கட்கிழமைப் பயணத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, கோமதிநாயகமும் பேசவில்லை.

கோமதிநாயகம் காசை ஓரம் பிடித்து எடுத்து உறையில் இட்டார். சீட்டையும் உள்ளே வைத்தார். இத்தனை மாதம் கேட்ட கேள்வி அவருக்கு மறந்தே போயிருந்தது. புதிதாக ஒன்று வந்திருந்தது.

"இனிமே இத எப்படிப் பாதுகாக்கணும்? ஈரம் இழுக்குற பொட்டலம் ஏதும் கூடப் போடணுமா? மர அலமாரி ஆகுமா, ஆகாதா?"

"கார்த்திகை என்னைக்கு வருது?"

"வார புதன்கிழமை."

"வெளக்கெல்லாம் எங்கன கெடக்கு?"

"பரண்ல. ஒண்ணொண்ணும் கருத்துப்போயிக் கெடக்கு."

"எறக்கித் தேயுங்க. இதையும் கூடப் போட்டுக்கிடுங்க."

கோமதிநாயகம் டீச்சரைப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தார். மறுபடியும் டீச்சரைப் பார்த்தார்.

"நீங்களா டீச்சரம்மா சொல்லுதீய?"

"சாம்பலைச் சலிச்சுக்கிடுங்க" என்றார் டீச்சர். "வலது கையால ஓரத்தப் பிடிங்க. எடது கையால தேயுங்க."